தார்ச்சாலைக்கு அடியில்

அன்புள்ள கயல்,

ஜப்பானில் சாலை உள்வாங்கி லாரி விழுந்த வீடியோவை அனுப்பி, "ரேடார் வைத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்காதா மாமா?" என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். பதில்தான் மனதைச் சங்கடப்படுத்துகிறது.

அது சைத்தாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் 2025 ஜனவரி 28 அன்று நடந்தது. சாலைக்குச் சுமார் 10 மீட்டர் கீழே, 1983 முதல் புழக்கத்தில் இருந்த பெரிய கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, குழாயின் ஈரச் சுவரில் வாழும் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டை அரித்துவிட்டது. ஓட்டை விழுந்ததும் மேலிருந்த மண் குழாய்க்குள் சரிந்து தண்ணீரோடு போனது. உள்ளே பொந்து மேல்நோக்கி வளர்ந்தது. 74 வயது ஓட்டுநரின் உடலை மீட்க மே மாதம் ஆகிவிட்டது.

இப்போது ரேடாருக்கு வருகிறேன். வண்டியில் பொருத்திய ஆன்டெனா ரேடியோ துடிப்புகளைத் தரைக்குள் அனுப்பும். மண் முடிந்து வேறு பொருள் தொடங்கும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பும். அதிக ஈரமில்லாத மண்ணில் அலை ஒரு நானோ நொடிக்கு ஏறத்தாழ 10 செ.மீ. போகும். 20 நானோ நொடியில் எதிரொலி வந்தால் பொருள் 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கு. குறுக்கே போகும் குழாய், படத்தில் கவிழ்ந்த வளைவாகத் தெரியும். வண்டி நெருங்கும்போது தூரம் குறைந்து, தாண்டியதும் கூடுகிறதல்லவா, அதனால்தான். இரும்புக் குழாயையும் காற்றுப் பொந்தையும் பிரித்தறிய, திரும்பும் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும். இரும்பிலிருந்து வருவது சாலைப் பரப்பிலிருந்து வரும் அலையைப் போலவே இருக்கும். பொந்திலிருந்து வருவது தலைகீழாக இருக்கும். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிதானமாகப் படி.

ஆனால் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா பொதுவாக 2 மீட்டர் வரைதான் பார்க்கும். ஈரக் களிமண்ணில் அதுவும் குறையும். அதிர்வெண்ணைக் குறைத்தால் ஆழம் கூடும், சின்னப் பொந்துகள் தப்பிவிடும். 10 மீட்டர் ஆழத்தில் குழாய் உடைந்தது சாலைமேல் ஓடும் ரேடாருக்குத் தெரியவே தெரியாது. பொந்து தாருக்கு அருகே ஏறி வந்த பிறகுதான் பிடிபடும். அதற்குள் அவகாசம் மிகக் குறைந்திருக்கும். ஆழக் குழாய்களை உள்ளேயே கேமரா அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

மேலாக இருக்கும் பொந்துகளுக்கு ரேடாரை நம்பலாம். சந்தேகப்பட்ட இடத்தில் சிறு துளையிட்டு, கேமராவை இறக்கி உறுதிசெய்வார்கள். பிறகு மண் எந்தக் குழாய்க்குள் போனது என்று தேடி அதை அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பொந்தை மட்டும் நிரப்பினால், புது மண்ணும் அதே வழியில் போய்விடும்.

அன்புடன்,
மாமா