பழைய கணிப்பொறிகளில் டெலிபோன் வழி இணையத் தொடர்பு: கோளாறு காணும் முறை

டெலிபோன் கம்பி வழியாக இணையத்தோடு தொடர்பு கொள்ளும் முறைக்கு டயல்-அப் என்று பெயர். இந்தியாவில் பொதுமக்களுக்கு இச்சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஆரம்பித்தது. முதன்முதல் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. பிற்காலத்தில் கண்ணாடி இழையும் கைப்பேசியும் அதன் இடத்தைக் கைக்கொண்டன. ஆயினும் செப்புக் கம்பி உள்ள இடங்களில் இரண்டு மோடம்கள் ஒன்றையொன்று அழைத்துக் கணக்குகளை அனுப்புதல் கூடும். ஆகையால் பழைய கணிப்பொறி வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் இதன் கோளாறுகளை அறிந்திருத்தல் நலம்.

இம்முறையின் பிரயோஜனம் அற்பமானதன்று. 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பிரதேசத்தில் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தியது. வில்லியனூரிலிருந்த தலைமை மையம் டெலிபோன் மூலம் இணையத்தை எட்டி, கிராமங்களுக்குக் கம்பியில்லாக் கருவியால் செய்தி அனுப்பியது. அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து பெற்ற அலை உயர விவரம் வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டில் ஒரு நாள் தொடர்பு கிட்டாவிடில் கரையிலுள்ளோர் அன்றைய அலைச்செய்தியை இழப்பர்.

தொடர்பு கிட்டாதபோது கணிப்பொறியிலுள்ள புரோகிராமை அழித்து மீண்டும் ஏற்றுவது அனேகரின் வழக்கம். மடை அடைபட்டிருக்கையில் வயலைக் கொத்துவது போன்ற வேலை இது. முதலில் கம்பியையே சோதிக்க வேண்டும்.

கம்பியைச் சோதித்தல்:— மோடத்தைக் கழற்றிவிட்டு, அதே துளையில் சாதாரண டெலிபோனைச் சொருகிக் கேட்க வேண்டும். டயல் தொனி வரவேண்டும். ஓர் இலக்கத்தை அழுத்தியதும் அது நின்று நிசப்தம் ஏற்பட வேண்டும். அந்நிசப்தத்தில் கரகரப்பு கேட்குமாயின் குற்றம் கம்பியிலேயே உள்ளது. திருவொற்றியூர் டோல்கேட் முதல் எண்ணூர் வரையிலும், அதற்கு வடக்கே பொன்னேரிப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களிலும் இதைப் பிரதானமாய்க் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செப்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. மழைக்குப் பின் தொந்தரவு அதிகப்படும். பேசுவோருக்கு இது பெரிய இடையூறன்று. விட்டுப்போன சொல்லை மனிதர் ஊகித்துக்கொள்வர். மோடமோ விட்டதை மறுபடி அனுப்பச் சொல்லும். பின்னர் வேகத்தைக் குறைக்கும். இறுதியில் தொடர்பை அறுத்துவிடும். டெலிபோன் கம்பி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கொண்டுசெல்லும். அக்குறுகிய வழியில் விநாடிக்கு 33,600 பிட்டுகள் செல்வதற்குத் துப்புரவான கம்பி அவசியம்.

அதே கம்பியில் வேறு அறையில் டெலிபோன் இருப்பின் அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அழைப்புக் காத்திருப்பு வசதியின் ‘டிக்’ ஒலியும் தொடர்பை முறிக்கும். இடி மின்னல் காலத்தில் மின்சாரக் கம்பியை மட்டும் பிடுங்கினால் போதாது. டெலிபோன் கம்பி வழியாகவும் மோடம் எரிந்துபோகும்.

கம்பி நல்லதாயிருந்தால் மோடத்தின் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டுக் காதுகொடுக்க வேண்டும். இலக்கங்கள் சென்ற பிறகும் டயல் தொனி நில்லாதிருப்பின், டெலிபோன் நிலையம் பழைய தினுசைச் சேர்ந்தது. டோன் முறையை மாற்றிப் பல்ஸ் முறையை அமைக்க வேண்டும். காதுக்குத் தொனி கேட்டும் விண்டோஸ் 98 ‘680’ என்று தொனியில்லாக் குற்றம் காட்டினால், தொனிக்குக் காத்திருக்கும் ஏற்பாட்டை நீக்கிவிடலாம். ‘630’ தோன்றினால் மோடம் பதிலளிக்கவில்லை என்று பொருள். அப்போது மின்சாரத்தையும், மோடத்துக்குச் செல்லும் கேபிளையும், போர்ட்டையும் பார்க்க வேண்டும். காம் 1-ல் மௌஸும் காம் 3-ல் மோடமும் இருந்தால், இரண்டும் 4-ம் எண் இன்டரப்டையே நாடுவதால் ஒன்று இயங்குகையில் மற்றது ஸ்தம்பிக்கலாம். மிகப் பழைய இயந்திரங்களின் 8250 சில்லு ஒரே ஓர் எழுத்தைத்தான் தாங்கும். 16550ஏ சில்லு 16 எழுத்துக்களைத் தாங்கும். முந்திய வகையில் வெளி மோடம் எழுத்துக்களை இழக்குமாயின் போர்ட்டின் வேகத்தை 19,200-க்குக் குறைத்தல் உசிதம்.

இரைச்சல் முழங்கி ஓய்ந்தபின் ‘691’ வருமாயின் கம்பியும் மோடமும் குற்றமற்றவை. பெயரோ இரகசியச் சொல்லோ தவறு. பெரிய எழுத்துச் சாவி அழுந்தியுள்ளதா என்று பார்க்க. மறுமுனை பதிலளித்த ஒவ்வோர் அழைப்பும் மீட்டரில் ஏறியபடியால், தானே மறுபடி மறுபடி அழைக்கும் ஏற்பாட்டை வைத்தோர் பில் வந்தபோது வருந்தினர். தவறான சொல்லைப் பத்து முறை அனுப்பினாலும் அது சரியாகாது.

கம்பியில் குற்றம் எனத் தெரிந்தால் லைன்மேனிடம் ‘இன்டர்நெட் வரவில்லை’ என்று சொல்லக்கூடாது. மோடத்தை மாற்றுங்கள் என்றே விடை வரும். சாதாரண டெலிபோனிலும் கரகரப்பு கேட்பதையும், அது மழைக்குப் பின் மிகுவதையும், கேட்ட நேரத்தையும் எழுத்து மூலம் தெரிவித்து, அவர் வந்ததும் டெலிபோனை அவர் காதிலேயே வைக்க வேண்டும்.