வறுவலில் ஒட்டும் சுவை

காலடிப்பேட்டைக் கடைவீதியில், எண்ணெயிலிருந்து எடுத்த வறுவலைச் சூடு ஆறுமுன் அகன்ற பாத்திரத்தில் கொட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் குலுக்குவர். மேற்பரப்பிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே தூளைப் பற்றிக்கொள்கிறது. ஆறும்போது அவ்வெண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுவதால், பின்னர்த் தூவும் தூள் அடியில் தங்கிவிடும்.

இக்கைப்பழக்கமே தொழிற்சாலையில் எந்திரமாயிற்று. சற்றே சாய்ந்து சுழலும் உருளைக்குள் வறுவல் புரண்டு செல்ல, தூள் சீராகப் பொழிகிறது. உப்பு பிஸ்கட்டின் மேற்பரப்பு உலர்ந்தது. ஆதலால் அதன்மேல் முதலில் எண்ணெய் தெளிப்பர். பருமனான தூள் எளிதில் உதிரும். மிக நுண்ணிய தூளோ காற்றில் பறந்து வீணாகும்.

உருளையில் தங்கும் எச்சமே பெருங்கவலை. பால்பொடி கலந்த தூளைப் பயன்படுத்தியபின் உருளையைத் தூய்மை செய்யாமல் வேறு சுவையைத் தொடங்கினால், பால் ஒவ்வாதவரின் உயிருக்கே அது ஊறு விளைவிக்கலாம். பால், நிலக்கடலை முதலிய ஒவ்வாமைப் பொருள்களை உறையில் குறிப்பிட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் பணிக்கின்றன. உறையில் அச்சிட்ட சொல்லை மெய்யாக்குவன உருளையைத் துடைக்கும் கைகளே.

கற்பவை கற்றபின்: தின்பண்ட உறை ஒன்றிலுள்ள ஒவ்வாமைக் குறிப்பைப் படித்து, அதன் தேவையை வகுப்பில் விளக்குக.