ஆல் பாஸ் என்றால் படிப்பே இல்லையா?

கல்யாண வீடோ, டீக்கடையோ, ஆரம்பப் பள்ளி வாத்தியார் என்று தெரிந்துவிட்டால் போதும், அடுத்த நிமிடம் கேள்வி வந்து விழும்: "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானே சார், அப்புறம் எதுக்குப் பரீட்சை, எதுக்கு மார்க்?" கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. "அதான் அஞ்சாவது பையனுக்குப் பேர்கூட எழுத வரல" என்று தீர்ப்பையும் அவரே சொல்லி முடித்துவிடுவார்.

சட்டத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் இப்படிப் பேச வாய் வராது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்றது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளைக்கு என்ன புரிந்தது, புரிந்ததைப் பயன்படுத்த முடிகிறதா என்று தொடர்ந்து, முழுமையாக மதிப்பிடச் சொன்னது. முதலாவது ஊரெல்லாம் பரவிவிட்டது. இரண்டாவது யார் காதிலும் ஏறவில்லை.

2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து, மறுதேர்விலும் தவறினால் நிறுத்திவைக்க வழிவிட்டது. தமிழகமும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கியது. நல்லவேளை.

"ஃபெயில் பண்ணினாத்தான் சார் புத்தி வரும்" என்பவர்கள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்காரட்டும். 52லிருந்து 17 போக எவ்வளவு? ஒரு பையன் 45 என்று எழுதுகிறான். பக்கத்தில் ஒரு பெண் 36 என்கிறாள். பேப்பரில் இருவருக்கும் சைபர்தான். ஆனால் பையனுக்குக் கடன் வாங்கவே தெரியவில்லை. இரண்டில் ஏழு போகாது என்றதும் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டு, ஐந்தில் ஒன்றையும் கழித்திருக்கிறான். அவன் முன்னால் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து, ஒரு கட்டை அவன் கையாலேயே பிரிக்க வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முறை தெரியும், விரல்தான் ஒன்று தவறியது. இன்னும் இரண்டு கணக்கு கொடுத்தால் தானே திருத்திக்கொள்வாள். இதைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் மதிப்பீடு. பையனை ஃபெயிலாக்கினால் அடுத்த ஜூனில் அதே புத்தகம், அதே பக்கம். கட்டைப் பிரித்துக் காட்ட அப்போதும் ஆள் இருக்காது. கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி 2009இல் ஆயிரக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படிப்பைக் கீழே இழுக்கும் சில காரியங்களில் ஒன்றாக வந்தது இந்த நிறுத்திவைப்பு.

மதிப்பீடு பற்றிய மற்ற தப்பெண்ணங்கள் சில்லறை. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது 40 மதிப்பெண் வகுப்புச் செயல்பாடுகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு என்று பிரித்தார்கள். அந்த 40 இலவசம் என்கிறார்கள். செயல்பாடே நடத்தாமல் ஒரே சாயங்காலத்தில் எல்லாருக்கும் 38, 39 என்று நிரப்பும் ஆசிரியர்கள் உண்டு, மறுக்கவில்லை. அது அவர்கள் செய்யும் தில்லுமுல்லு. முறையின் கோளாறு இல்லை. 'ஏ1' வாங்கியவன் ஃபர்ஸ்ட் ரேங்க் என்பதும் தப்பு. 91 எடுத்தாலும் 100 எடுத்தாலும் ஏ1தான். ரேங்க்கை ஒழிக்கத்தானே கிரேடே வந்தது! ஆரம்ப வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளை 'அரும்பு' குழுவில் இருந்தால் மக்கு என்று அர்த்தமில்லை. அது இன்று நிற்கிற படி. அங்கிருந்து மொட்டு, மலர் என்று நகர்த்தத்தான் அந்தக் குழு.

மார்க் போட்டால்தான் படிப்பார்கள் என்போருக்கு ஒரு தகவல். 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் வாங்கியவர்களுக்குக் குறிப்பால் பலனே இல்லை. நம் வீடுகளிலும் அப்படித்தானே, பிராக்ரஸ் கார்டில் எண்ணைப் பார்த்து அடித்துவிட்டு, கீழே ஆசிரியர் எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம்.

பேர் எழுத வராத பையன் இருக்கிறானா? இருக்கிறான். காரணத்தை ஆல் பாஸில் தேடாதீர்கள், தலையை எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது அதே அறையில் மூன்றாம் வகுப்பு சும்மா இருக்க வேண்டும். மற்றவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். போதாததற்குச் செயலியில் விவரம் ஏற்றும் வேலை வேறு. 45 எழுதிய பையன் பக்கத்தில் உட்காரப் பத்து நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று நாங்கள் கத்தினால் சம்பளத்துக்குக் கத்துகிறோம் என்பார்கள். நீங்கள் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் மதிய உணவு, கழிவறை எல்லாம் பேசி முடித்தபின் எழுந்துபோய்விடாமல், கூடுதல் ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போட்டு, நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள்.