முதியோர் புனர்வாழ்வும் காப்புறுதியின் நாட்கணக்கும்

பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் செயலிழந்த முதியவருக்கு மருந்து எவ்வளவு தேவையோ, அவ்வளவுக்குப் பயிற்சியும் தேவை. எழுந்து உட்காருதல், கோப்பையைப் பிடித்தல், உணவை விழுங்குதல், ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லுதல் என்று தொடங்கும் இப்பயிற்சியையே புனர்வாழ்வுச் சிகிச்சை என்கின்றோம். இதற்குப் பொதுப்பணம் செலவிடப்படுகின்றதா, எவ்வளவு காலத்துக்கு என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயும் விடயம். யப்பானை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றோம். முதியோர் தொகை மிகுந்த நாடு அது; இக்கேள்வி அங்கே பகிரங்கமாக விவாதிக்கப்பட்டும் உள்ளது.

யப்பானில் 1961 முதல் எல்லோருக்கும் பொதுச் சுகாதாரக் காப்புறுதி உண்டு. 1973இல் 70 வயதை அடைந்தோருக்கு வைத்தியம் இலவசமாக்கப்பட்டது; செலவு பெருகவே, 1983இல் சிறு கட்டணம் மீண்டும் வந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் பராமரிப்புக்கெனத் தனியான காப்புறுதி ஒன்று தொடங்கப்பட்டது. 40 வயது முதல் எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகின்றனர்; சேவை பெறுவோர் செலுத்தும் பங்கு போக, மிகுதிச் செலவில் பாதியை வரிப்பணம் ஏற்கின்றது. அப்பங்கு பெரும்பாலோருக்குப் பத்தில் ஒன்று, வருமானம் கூடியவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று. பகலில் நிலையத்துக்குச் சென்று பயிற்சி பெறலாம். பயிற்சியாளர் வீட்டுக்கு வரவும் வழியுண்டு. அதே ஆண்டில், வைத்தியக் காப்புறுதியின் கீழ், மீட்சிக் காலத்துக்கான தனி விடுதிகளும் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டன.

நல்ல ஏற்பாடுதான். சிக்கல் 2006 ஏப்பிரலில் எழுந்தது. வைத்தியக் காப்புறுதி வழங்கும் பயிற்சிக்கு நாளெல்லை விதிக்கப்பட்டது. பாரிசவாதம் போன்ற மூளைக் குருதிக்குழாய் நோய்களுக்கு 180 நாட்கள், எலும்பு மூட்டு நோய்களுக்கு 150, சுவாச நோய்களுக்கு 90. சில நோயாளருக்கு விலக்கு இருந்தது. ஆனால், சிகிச்சையால் நிலை மேம்படும் என்று வைத்தியர் கருதினாலே அது கிடைத்தது. மற்றவர்கள் பராமரிப்புக் காப்புறுதியின் பக்கம் போகவேண்டும். அரசாங்கத்தின் வாதத்தையும் கூறுவது முறை. ஆரம்ப நாட்களில் செறிவாகக் கொடுக்கும் பயிற்சியே அதிக பலன் தரும், பலனில்லாத பயிற்சி முடிவின்றி நீள்கின்றது என்றார்கள். இதில் பாதி உண்மை.

மற்றப் பாதியை எடுத்துரைத்தவர் டோமியோ டாடா. உலகறிந்த நோயெதிர்ப்பியல் அறிஞர். நோ நாடகங்களும் எழுதியவர். 2001இல் பாரிசவாதம் கண்டு வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. இடக்கையால் கணினியில் தட்டியே எழுதினார். பயிற்சி அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் பயிற்சி நின்றால் எஞ்சியிருப்பதும் கைவிட்டுப் போகும் என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார். புதிய விதியை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். சில வாரங்களில் 440,000க்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரண்டன. ஜூன் இறுதியில் அவை சுகாதார அமைச்சிடம் கையளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே திருத்தப்படும் விதிகள், ஓராண்டிலேயே, 2007 ஏப்பிரலில் தளர்த்தப்பட்டன. அது போதும் என்று டாடா ஏற்கவில்லை. 2010இல் அவர் காலமானார்.

பின்னர் வந்த விதிப்படி, எல்லை கடந்தோருக்கு மாதம் 13 அலகுகள் கிடைத்தன. ஓர் அலகு 20 நிமிடம். ஆக, மாதம் முழுவதற்கும் 4 மணித்தியாலம் 20 நிமிடம். பராமரிப்புக் காப்புறுதிக்குத் தகுதி பெற்ற வெளிநோயாளருக்கு, 2019 ஏப்பிரலுடன் அந்த வழியும் மூடப்பட்டது.

இங்கே சண்டை நாட்களைப் பற்றியது மட்டுமன்று, எதைப் பலன் என்று கணக்கெடுப்பது என்பதையும் பற்றியது. குளக்கட்டைப் பராமரிப்பவரிடம், இவ்வருடம் குளம் எவ்வளவு பெருத்தது என்று எவரும் கேட்பதில்லை. கட்டு உடையாமல் இருக்கின்றதா என்றே கேட்பார்கள். முதியவரின் உடம்பிடம் மாத்திரம் ஒவ்வொரு மாதமும் முன்னேற்றத்தைக் காட்டு என்கின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றம் சென்றது. முதன்மையாக 65 வயதை அடைந்தோருக்கான மெடிகெயார் காப்புறுதியில், முன்னேற்றம் காணாதவர்களுக்குச் சிகிச்சை மறுக்கப்படுகின்றது என்று வழக்குத் தொடரப்பட்டது. தேர்ச்சி பெற்றவரின் சேவை தேவைப்படுமிடத்து, இருக்கும் நிலையைக் காப்பதற்கும் சரிவைத் தாமதப்படுத்துவதற்கும் காப்புறுதி பொருந்தும் என 2013 ஜனவரியில் அங்கீகரிக்கப்பட்ட உடன்பாடு தெளிவாக்கியது. தாதியர் பராமரிப்பு நிலையத்துக்கான 100 நாள் எல்லை மாறவில்லை.

எமது நாட்டில் எல்லோருக்குமான பொதுச் சுகாதாரக் காப்புறுதி இல்லை. அரச வைத்தியசாலைச் சிகிச்சை வரிப்பணத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. 180 நாட்கள் என்று எழுதிய விதியும் இல்லை. ஆயினும் இயன்மருத்துவப் பிரிவுகள் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலேயே இருப்பதால், முச்சக்கரவண்டிக் கூலிக்குப் பணம் தீரும் நாளில் பயிற்சியும் நின்றுவிடுகின்றது. பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்தவரின் முறைப்பாடும், தன்னை நீரில் இறக்கிவிட ஆளில்லை என்பதே.

குழுவாக இப்பாடத்தைப் படிப்போர், தமது கிராமத்தில் பாரிசவாதத்துக்கு ஆளான முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று, வைத்தியசாலையை விட்டு வந்தபின் எத்தனை தடவை பயிற்சிக்குப் போனார்கள், எந்த மாதத்தில் நின்றது, நின்றபின் எதைச் செய்ய முடியாமற் போனது என்று கேட்டு எழுதிக்கொள்க. அடுத்த கூட்டத்தில் அவற்றைச் சேர்த்து வாசித்தால், கூலி, தூரம், துணைக்கு ஆளின்மை ஆகிய மூன்றில் எது முந்துகின்றது என்பது தெரியவரும்.