சீனியும் உடல்நலமும்

வேதியியல் பயிலும் எங்களுக்குச் சீனி ஒரு மூலக்கூறு. பன்னிரண்டு கார்பன், இருபத்திரண்டு ஹைட்ரஜன், பதினொரு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட சுக்ரோஸ். நீரில் கரையும், சூடேற்றினால் கருகும் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். உடலுக்குள் சென்றபின் அது செய்யும் வேலையைப் பற்றி நான் படித்தறிந்தவற்றைச் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சிறுகுடலில் சீனி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்து, கணையம் சுரக்கும் இன்சுலினின் துணையால் தசைகளுக்குள் செல்கிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரலே கையாள வேண்டும். அளவோடு வந்தால் அதற்குத் தொல்லையில்லை. நாள்தோறும் மிகுதியாக வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. மதுவைத் தொடாதவர்க்கும் கல்லீரலில் கொழுப்புப் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். பற்சொத்தை யாவரும் அறிந்ததே, விரித்துரைக்க வேண்டியதில்லை.

சீனி தின்றால் சர்க்கரை நோய் வரும் என்று வீடுகளில் சொல்வது முழு உண்மையன்று. பரம்பரை, உடற்பருமன், உடலுழைப்பின்மை, நாம் குவித்துண்ணும் சோறு ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் இனிப்புப் பானங்களை நாள்தோறும் அருந்துவோரிடையே இரண்டாம் வகை நீரிழிவு மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பானத்தில் வரும் சீனி வயிற்றை நிரப்புவதில்லை. குடித்தபின்னும் வழக்கம்போலவே உண்கிறோம். நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வொன்று 2023இல் மதிப்பிட்டது.

எவ்வளவு சீனி தகும்? நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். அதிலும் பாதியாக்கினால் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த அளவு. விடுதிக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் ஒரு குவளைக்குப் போடும் சீனியைக் காகிதத்தில் மடித்து வாங்கிவந்து ஆய்வகத் தராசில் நிறுத்தேன். 13 கிராம் இருந்தது. (“படிக்கிற பிள்ளைக்கு வேற சோலி இல்லையா?” என்று கடைக்காரர் சிரித்தார்.) நாளைக்கு நான்கு தேநீர் என்றால் 52 கிராம். நான்கோடு நிறுத்தும் நண்பர்கள் எனக்கு அதிகம் இல்லை. வெல்லத்துக்கு மாறிவிட்டேன் என்பாரும் உளர். வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸே. சிறிதளவு தாது உப்புகள் கூடுதல், அவ்வளவுதான்.

நான் படித்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது பிரிட்டனைப் பற்றிய ஓர் ஆய்வு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், அங்கே சீனிக்குப் பங்கீடு வந்தது. நமக்கு ரேஷன் என்றால் மலிவாகக் கிடைப்பது. அவர்களுக்கோ அதற்குமேல் கிடையாது என்பது. 1953 செப்டம்பரில் பங்கீடு நீங்கியதும் சீனி நுகர்வு ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆகவே, சில மாத இடைவெளியில் பிறந்த இரு குழந்தைகளில் ஒன்று குறைந்த சீனியிலும் மற்றொன்று மிகுந்த சீனியிலும் வளர்ந்தது. யாரும் திட்டமிடாமல் நேர்ந்த சோதனை இது! அக்காலத்தில் பிறந்த சுமார் 60,000 பேரின் நடுவயதுக்குப் பிந்திய உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்து, முடிவுகளை 2024இல் வெளியிட்டார்கள். கருவிலிருந்து ஏறத்தாழ இரண்டு வயதுவரை பங்கீட்டுக் காலத்தில் கழித்தவர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைவாயிருந்தன. நோய் வந்தவர்களுக்கும் நீரிழிவு சராசரியாக நான்கு ஆண்டுகள் பிந்தியே வந்தது.

இதைப் படித்த நாட்களில்தான் என் அக்கா மகனுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாவில் சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். சேனை தொடுதல் என்று பெயர். தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். அந்த ஒரு துளியால் நீரிழிவு வந்துவிடாது. ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி எதுவும் கூடாது என்பது மருத்துவர் கூற்று. அதற்குப் பிறகு வரும் சீனி போட்ட பால், சீனியில் நனைத்த ரொட்டி, சீனி கலந்த கூழ் ஆகியவையே என் கவலை.

அம்மாவிடம் பிரிட்டன் கதையைச் சொன்னேன். “நீயும் இதத் தின்னுதான வளர்ந்த, உனக்கு என்ன வந்துட்டு?” என்றாள். எனக்கு வயது இருபது. அந்த ஆய்வில் வேறுபாடு தெரிந்ததோ ஐம்பதைக் கடந்தவர்களிடம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் கேழ்வரகுக் கூழில் சீனி போடாமல் ஊட்டுகிறாள். பிள்ளை முகம் சுளிக்காமல் உண்கிறான்.