உழவு மாடுகளின் கழுத்துப்புண்

ஏர்மாடுகளுக்கும் வண்டிமாடுகளுக்கும் நுகத்தடியினால் கழுத்தில் உண்டாகும் காயம் ஆரம்பத்தில் அற்பமாகவே தோன்றும். உழவுக்குரிய பதம் தப்பிவிடுமோ என்னும் கவலையால் குடியானவர்கள் அதைப் பொருட்படுத்தாது மறுநாளும் மாட்டைப் பூட்டுவதுண்டு. சில நாள் ஓய்வினால் தணியக்கூடிய வீக்கம் இவ்விதம் சீழ்க்கட்டியாகவோ கடினமான கழலையாகவோ மாறி, அப்பருவம் முழுவதற்கும் மாட்டை வேலைக்கு உதவாததாக்கிவிடும். ஆகையால் காயத்தை முதல் நாளிலேயே கண்டறிதல் அவசியம்.

காரணங்கள்

நுகத்தடி திமிலுக்கு முன்னே கழுத்தின்மேல் அமர்கின்றது. அதன் அடிப்புறம் சொரசொரப்பாகவோ கூரிய விளிம்புடையதாகவோ இருப்பின் தோல் உராய்ந்து கன்றிப்போகும். ஜோடி மாடுகள் உயரத்திலும் பலத்திலும் ஒவ்வாதிருந்தால் நுகம் ஒருபுறம் சாய்ந்து ஒரே இடத்தில் அழுத்தும். வண்டியில் முன்பாரம் மிகுந்தால் சுமை கழுத்தில் இறங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மழையில் நனைந்த தோல் எளிதில் உரியும். புதிதாகப் பழக்கப்படும் காளைகளுக்கு இத்தீங்கு விசேஷமாக உண்டு.

சோதிக்கும் முறை

வேலை முடிந்து நுகத்தை அவிழ்த்தவுடன் கழுத்தின் மேற்புறத்தையும் தொண்டையையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். சூடு, வீக்கம், மயிர் உதிர்தல், தொட்டவுடன் மாடு விலகுதல் ஆகியவை முதல் அடையாளங்களாம்.

சிகிச்சை

1. தோல் கிழியாத வீக்கம்: வேலையை உடனே நிறுத்தவேண்டும். முதல் இரண்டு நாள், குளிர்ந்த நீரில் நனைத்த துணியைத் தினம் மூன்று வேளை, வேளைக்குக் கால்மணி நேரம் வைத்துவரவேண்டும். பின்னர் இளஞ்சூடான ஒத்தடம் கொடுக்கலாம். பழுக்காத வீக்கத்தைக் கத்தியால் கீறலாகாது.

2. தோல் உரிந்த புண்: சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவி, போவிடோன் அயோடின் மருந்து தடவவேண்டும். ஈக்கள் மொய்க்காதிருக்கப் புண்ணின் ஓரங்களைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசலாம். சாணம், சாம்பல், சுண்ணாம்பு, இயந்திர எண்ணெய் இவற்றை இடுதல் தீங்காகும். புண்ணின்மேல் சாக்கைச் சுற்றி மாட்டைப் பூட்டுவதும் தவறே. வியர்வையில் ஊறிய சாக்கு புண்ணை மேலும் அழுகச்செய்யும். புதுத்தோல் மூடி உறுதிப்படும்வரை நுகம் வைக்கலாகாது.

3. சீழ், புழு, கழலை: இவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். சீழைத் தக்க சமயத்தில் கீறி வெளியேற்றுவதும், கழலையை அறுத்தெடுப்பதும் அவர் செய்யவேண்டியவை.

முக்கிய எச்சரிக்கை

தொண்டையில் காணும் வீக்கமெல்லாம் கயிற்றினால் உண்டானவை என்று எண்ணலாகாது. மாட்டின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி பாரன்ஹீட் ஆகும். அது 104 டிகிரிக்கு மேற்பட்டு, மாடு தீனி தின்னாது, வாயில் நீர் வடிய, குறட்டையொலியுடன் மூச்சுவிடுமாயின், அது தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். மழைக்காலத்தில் மிகுதியாய்க் காணும் இந்நோய் ஓரிரு நாளில் உயிரைப் போக்கும். ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவரை அழைத்து, மற்ற மாடுகளைப் பிரித்துக் கட்டவேண்டும். மழைக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல் சிறந்த காப்பாகும்.

தடுப்பு

நுகத்தின் அடிப்புறத்தை உருட்சியாய் இழைத்து வழவழப்பாக்குக. ஒத்த மாடுகளையே ஜோடி சேர்க்க. பாரத்தை அச்சின்மேல் சமமாக ஏற்றுக. வேலை முடிந்தபின் வியர்வையைக் கழுவிக் கழுத்தைத் துடைத்து உலர்த்துக. இளங்காளைகளைச் சிறிது சிறிதாகவே வேலையில் பழக்குக. பருவ நெருக்கடியில் ஒரு மாடு ஓய்வுபெற நேர்ந்தால், அண்டை நிலத்தாருடன் மாற்றேர் பேசிக்கொள்வது, புண்பட்ட மாட்டை வருத்துவதைவிட லாபகரமானது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

புண்பட்டு வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலை வாங்குதல், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். 1965ஆம் ஆண்டின் விதிகள், இழுவைப் பிராணிகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாது 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குவதைத் தடுக்கின்றன. இவற்றைக் கிராமத்தாருக்கு எடுத்துச்சொல்லி, சந்தைக்கு வரும் வண்டிமாடுகளின் கழுத்தைப் பார்வையிட்டு, காயமுள்ளவற்றை மருந்தகத்திற்கு அனுப்பச்செய்வது நன்மை பயக்கும்.