சோறு இருக்கிறது, கறிக்குத்தான் கணக்கு

நாகர்கோவில், தென்காசிப் பக்கமிருந்து கூலி வேலைக்குத் திருவனந்தபுரம் வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அரிசிக்கு என்னக்கா செய்யுதீங்க?" என்றுதான். அரிசிக்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அட்டையைக் கொண்டே இங்குள்ள ரேஷன் கடையில் விரல்ரேகை வைத்து வாங்கலாம். ஆனால் கிளம்புமுன் அட்டையில் என்ன எழுத்து இருக்கிறதென்று பாருங்கள். பிஎச்எச், அதாவது முன்னுரிமை அட்டை என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. என்பிஎச்எச், அதாவது முன்னுரிமை இல்லாத அட்டை என்றால் அரிசி ஊரில் மட்டும்தான். பாதிப்பேர் ஊரில் இருந்தால் அவர்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சோற்றைவிட, அதோடு வைக்கும் கறிதான் கஷ்டம். பயறு, எண்ணெய், மீன், காஸ் எல்லாம் காசு. 2025-இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வரிசை வீடுகளில் தாளிப்பே நின்றுபோனது. மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பார்கள். அன்றாடக் கூலியில் மொத்தம் ஏது? ஐம்பது கிராமாக வாங்குகிற ஏழைதான் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறாள். இது எனக்கு ஆறாத கோபம். அதனால் நாலு வீடு சேர்ந்து சாலைக் கம்போளச் சந்தையில் வெங்காயமும் கடலையும் எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். கூலி கிடைத்த அன்றே பங்குப் பணத்தை வாங்கிவிட வேண்டும், மறுநாள் இருக்காது. கேரள அட்டை எடுத்துவிட்டவர்களுக்கு அரசின் மாவேலி ஸ்டோரில் சிறுபயறும் உளுந்தும் மானிய விலைக்குக் கிடைக்கும்.

காஸை மிச்சம் பிடிக்க, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் வீடுவீடாகப் பரப்பிய சூடாறாப்பெட்டி போதும். ஊறிய அரிசி நன்றாகக் கொதி வந்ததும் பானையை மூடி, தெர்மோகோலும் பழைய துணியும் அடைத்த பெட்டிக்குள் இறக்கிவிடுங்கள். வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தானே வெந்திருக்கும்.

ஜூன் மாதத்துக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். மழையில் கட்டட வேலை நின்றுபோகும், பள்ளிக்கூடச் செலவு வரும், ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் டிராலர் தடையால் மீன் விலை ஏறும். சாளை மலிந்த நாளில் கருவாடு போட்டு வையுங்கள். பலாக்கொட்டையை உலர்ந்த மணலில் புதைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தேங்காய் இல்லாமலேயே முருங்கைக்கீரையோடு நல்ல கறியாகும். பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் மதியச் சோறு, முட்டை, பால் உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் அமிர்தம் பொடி என்ற சத்துமாவு தருவார்கள். கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள், அது பிள்ளையின் பங்கு.

இன்னொன்று: கறியைச் சட்டியோடு நடுவில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் கடைசியில் உட்காருகிற தாய்க்கு வெறும் குழம்புதான் மிஞ்சும். எத்தனை பேரோ அத்தனை தட்டு போட்டு, மீன் துண்டை முதலிலேயே எண்ணி வையுங்கள். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அவள் தட்டில்தான் முதல் துண்டு விழ வேண்டும்.